ஐந்தாண்டு சட்டப் படிப்பு: 20 வார இன்டர்ன்ஷிப்பை எந்த வருடம், எந்த மாதம், எங்கே முடிப்பது?

வைகைக்கரை:

பி.ஏ. எல்.எல்.பி., அரசு சட்டக் கல்லூரி. 4-வது செமஸ்டர் தேர்வு மே முதல் வாரம் முடிகிறது. இதுவரை ஒரு வாரம்கூட இன்டர்ன்ஷிப் போடவில்லை. மொத்தம் 20 வாரம் வேண்டும், வருடத்துக்கு 4 வாரம்தான் அனுமதி என்கிறார்கள். அப்படியானால் மீதியிருக்கும் மூன்று வருடத்தில் 12 வாரம்தானே தேறும்?

இந்த மே மாதம் சென்னையில் ஒரு கார்ப்பரேட் ஃபர்மில் சேரலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஊரில் தெரிந்த வக்கீல் ஆபீசும் இருக்கிறது. ஆனால் சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்), சாட்சியச் சட்டம் எதுவும் இன்னும் வகுப்பில் தொடங்கவில்லை. கோர்ட்டில் போய் உட்கார்ந்தால் புரியுமா? கடைசி வருட கிளினிக்கல் (செய்முறை) பேப்பருக்கு இரண்டு வழக்கு விசாரணை பார்த்து எழுத வேண்டுமாமே, அதை எப்போது தொடங்குவது? படிப்பு முடிந்ததும் சிவில் நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இருக்கிறது. விருப்பப் பாடம் எதை எடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கச்சேரித்தெரு:

தம்பி, முதலில் கணக்கு. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளைப் பிரித்துப் படி. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் குறைந்தபட்சம். எந்த வருடத்திலும் 4 வாரத்துக்கு மேல் *தொடர்ச்சியாக* செய்யக் கூடாது என்பதுதான் அதில் உள்ள வரம்பு. கோடையில் 4 வாரம் முடித்துவிட்டு டிசம்பரில் இன்னொரு 2 வாரம் போவதை அது தடுக்கவில்லை. இருந்தாலும் சில கல்லூரிகள் வருடத்துக்கே 4 வாரம் என்று எடுத்துக்கொள்கின்றன. இன்டர்ன்ஷிப் பொறுப்பு ஆசிரியரிடம் இரண்டு கட்டமாகச் செய்ய அனுமதிக் கடிதம் எழுதி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள். வாய்வார்த்தையை நம்பாதே.

உனக்கு மீதி ஆறு இடைவெளி இருக்கிறது. இந்தக் கோடை 4, மூன்றாம் வருட டிசம்பர் 2, அடுத்த கோடை 4, நான்காம் வருட டிசம்பர் 2, அதற்கடுத்த கோடை 4, ஐந்தாம் வருட டிசம்பர் 4. கூட்டினால் 20. பத்தாவது செமஸ்டர் முடிந்தபின் வரும் கோடையைக் கணக்கில் சேர்க்காதே. இன்டர்ன்ஷிப் டைரிக்கான மதிப்பெண்ணைக் கடைசி செமஸ்டரிலேயே போட்டுவிடுவார்கள். ஐந்தாம் வருடத்தில் 4 வாரம் கிடைக்காது என்று தெரிந்தால் அதில் இரண்டை இப்போதே முன்னுக்கு நகர்த்து. நவம்பர் தேர்வு டிசம்பர் வரை இழுத்தால் இந்தக் கணக்கு முழுதும் ஆட்டம் காணும்.

அடுத்தது காலண்டர். மாணவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். மே மாதம் முழுக்க ஹைகோர்ட்டுக்கும் கீழமை சிவில் கோர்ட்டுகளுக்கும் விடுமுறை. உங்களுக்கு லீவு விடும் நேரத்தில்தான் சிவில் கோர்ட்டும் பூட்டியிருக்கும். சிவில் வக்கீல் ஆபீசில் மே மாதம் சேர்ந்தால் வழக்குக் கட்டு அடுக்கலாம், பழைய தீர்ப்பு படிக்கலாம், விசாரணை பார்க்க முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்கு அந்த விடுமுறை கிடையாது. ஆகவே மே என்றால் கிரிமினல் பக்கம், ஜூன் கோர்ட் திறந்ததும் சிவில் பக்கம் என்று வைத்துக்கொள்.

சாட்சியச் சட்டம் படிக்காமல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என்ன புரியும் என்று கேட்டாய். குறுக்கு விசாரணை புரியாது, அதை இப்போது பார்க்க வேண்டியதும் இல்லை. ரிமாண்ட் (காவலில் வைப்பது), ஜாமீன், ஷ்யூரிட்டி (ஜாமீன்தாரர் தரும் உத்தரவாதம்) இந்த மூன்றையும் பார். ஜாமீன் உத்தரவு வந்தவுடன் ஆள் வெளியே வந்துவிடுவதில்லை. ஹைகோர்ட் ஜாமீன் உத்தரவுகளின் நிபந்தனைப் பகுதியைப் படித்தால், ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகல் தர வேண்டும் என்று வரும். இதில் ஒன்று குறைந்தாலும் ஷ்யூரிட்டி அன்று ஏற்கப்படாது, ஆள் இன்னும் ஒரு ராத்திரி உள்ளே இருப்பார். அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கிக் கொடுப்பவர் வக்கீல் குமாஸ்தா. முதல் இரண்டு வாரம் அவர் பின்னாலேயே நட. சீனியர் சொல்லித்தர நேரமில்லாத பாதி விஷயம் அவரிடம் கிடைக்கும்.

கார்ப்பரேட் ஃபர்ம் இப்போது வேண்டாம். கம்பெனிச் சட்டம் படிக்காமல் அங்கே போனால் எக்செல் ஷீட் நிரப்பத்தான் விடுவார்கள்.

வைகைக்கரை:

நன்றி சார். தம்பி இல்லை, தங்கை :) புதுச் சட்டங்கள் பற்றி ஒரு சந்தேகம். எங்களுக்கு ஐ.பி.சி.க்குப் பதில் வந்த நியாய சன்ஹிதாதான் பாடம். கோர்ட்டில் இன்னும் ஐ.பி.சி. என்றே பேசுகிறார்களாமே?

கச்சேரித்தெரு:

மன்னிக்கணும் தங்கச்சி.

இரண்டும் ஓடுகிறது, இன்னும் பல வருடம் ஓடும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி.தான். அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகளும் பழைய சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) படியே தொடரும், அதற்குப் பதில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 531 அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு ஒப்பீட்டு அட்டவணை எழுதி வைத்துக்கொள், முதலில் சி.ஆர்.பி.சி. எண், பிறகு புது எண். எஃப்.ஐ.ஆர். 154 என்பது 173. போலீஸ் எடுக்கும் சாட்சி வாக்குமூலம் 161 என்பது 180. மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் 164 என்பது 183. இறுதி அறிக்கை 173 என்பது 193. எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரிடம்) கேள்வி கேட்கும் 313 என்பது 351. முன்ஜாமீன் 438 என்பது 482. இந்தக் கடைசி எண்ணில் கவனம் வேண்டும். பழைய சட்டத்தில் 482 என்றால் ஹைகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம், அது இப்போது 528. "482 போட்டிருக்கோம்" என்று ஒரு சீனியர் சொன்னால் முன்ஜாமீனா, குவாஷா (வழக்கை ரத்து செய்யும் மனுவா) என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுது.

கரும்பலகை:

இன்டர்ன்ஷிப் டைரிகளைத் திருத்துபவள் என்ற முறையில் சில குறிப்புகள்.

மாதிரி நீதிமன்றமும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்த நான்காவது கிளினிக்கல் பேப்பரின் 100 மதிப்பெண்ணும் பார் கவுன்சில் பாடத்திட்டத்தில் இப்படிப் பிரிகிறது: மாதிரி நீதிமன்றம் 30, ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்கு விசாரணைகளைப் பார்த்து எழுதுவது 30, கட்சிக்காரர் நேர்காணலும் வழக்குத் தயாரிப்பும் டைரியும் 30, வாய்மொழித் தேர்வு 10. மூன்றாவது 30-இல் வக்கீல் அலுவலகத்திலோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ இரண்டு நேர்காணலை உடனிருந்து கவனித்து எழுத 15, வழக்கு ஆவணங்கள் தயாராகித் தாக்கலாகும் நடைமுறைக்கு 15. இந்த இரண்டு நேர்காணலைத்தான் பலர் மறந்துவிட்டு ஐந்தாம் வருடம் ஓடி வருகிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முன்அலுவலகத்தில் மனுதாரர்கள் தினமும் வருவதால் அங்கே இது எளிது. ஆணைக்குழுச் செயலருக்குக் கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதத்துடன் ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கட்சிக்காரர் சம்மதித்தால் மட்டும் உடன் உட்காருங்கள்.

விசாரணை பார்ப்பதைப் படிப்பின் கடைசி இரண்டு மூன்று வருடங்களுக்குள் செய்தால் போதும். சாட்சியச் சட்டம் நடக்கும் செமஸ்டரை ஒட்டித் தொடங்குங்கள். சம்மன் நிலையிலோ எதிருரைக்கு (பிரதிவாதியின் பதிலுக்கு) வாய்தா ஓடும் நிலையிலோ இருக்கும் வழக்கைப் பிடித்தால் உங்கள் படிப்பு முடியும்வரை அது அங்கேயே நிற்கும். வாதியின் முதல் சாட்சி நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்து குறுக்கு விசாரணைக்கு நிற்கும் அசல் வழக்கு (ஓ.எஸ்., முதல்நிலை சிவில் வழக்கு) வேண்டும். கிரிமினலில் அமர்வு (செஷன்ஸ் கோர்ட்) வழக்கு நல்லது, சாட்சிகளுக்கு வரிசையாகத் தேதி போடுவார்கள். செக் மோசடி வழக்கு சீக்கிரம் முடியும் என்று பலரும் எடுக்கிறார்கள். அதில் புலன்விசாரணை அதிகாரி இல்லை, மகஜர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) இல்லை, சான்றுப் பொருள் இல்லை. வாய்மொழித் தேர்வில் கேட்கும் பாதிக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. சிவில், கிரிமினல் ஒவ்வொன்றிலும் ஒரு மாற்று வழக்கும் கையில் இருக்கட்டும், நடுவில் சமரசமாகிவிடும் வழக்குகள் நிறைய. ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாளமான சி.என்.ஆர். எண், எழுத்தும் எண்ணும் சேர்ந்து 16 இடம், அதை இ-கோர்ட்ஸ் செயலியில் சேமித்துவிட்டால் அடுத்த தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

போக்சோ வழக்கும் பாலியல் வன்முறை வழக்கும் எடுக்காதீர்கள். மூடிய அறையில் நடப்பதால் உங்களை உள்ளே விடமாட்டார்கள். கோப்பில் படித்ததை வைத்து டைரியில் பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பள்ளி என்று எழுதினால் அதுவே சட்டச் சிக்கல். பிற வழக்குகளிலும் கட்சிக்காரரின் பெயருக்குப் பதில் முதலெழுத்து போதும்.

டைரியை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணம். "இன்று சார்பு நீதிமன்றம் சென்றேன். சாட்சி விசாரணை கண்டேன். மிகவும் பயனுள்ளதாக இருந்தது." இதற்கு மதிப்பெண் இல்லை. கீழே உள்ளதற்கு உண்டு (வா.சா.1 என்பது வாதியின் முதல் சாட்சி, வா.சா.ஆ.4 என்பது வாதி தரப்பு நான்காம் ஆவணம்):

"காலை 11.20. வா.சா.1 முதல் விசாரணை. பதிவு செய்யாத பாகப்பிரிவினைப் பத்திரத்தை வா.சா.ஆ.4 ஆகக் குறியீடு செய்ய வாதி தரப்பு கோரியது. பிரதிவாதி தரப்பின் ஆட்சேபம் இரண்டு: பதிவுச் சட்டம் பிரிவு 49, முத்திரைத் தீர்வை குறைவு. தீர்வை குறித்த ஆட்சேபத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கூறி வாய்தா போட்டது. ஏன் என்று பார்க்க வேண்டும்."

அந்த "ஏன்"-க்கு அன்றிரவே விடை தேடி அடியில் எழுதுங்கள். ஆவணத்தின் மீது ஆட்சேபம் எழுந்தால் அதைக் குறித்துக்கொண்டு தற்காலிகமாகக் குறியீடு செய்துவிட்டு விசாரணையைத் தொடரலாம், ஆனால் முத்திரைத் தீர்வை குறித்த ஆட்சேபத்தை அப்போதே தீர்த்தாக வேண்டும் என்று பிபின் சாந்திலால் பஞ்சால் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது (ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு தொடரும் அந்த முறை கட்டுப்படுத்தாது என்று 2021-இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது). இப்படி எழுதிய பத்துப் பக்கம், அறுபது பக்க நாட்குறிப்பைவிட மேல்.

டைரியில் ஒவ்வொரு முறையும் வழிகாட்டி வக்கீலும் கல்லூரி ஆசிரியரும் மதிப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். ஐந்து வருடக் கையெழுத்தை ஒரே வாரத்தில் வாங்கிய டைரி பார்த்தாலே தெரியும்: மை ஒன்று, எழுத்துச் சாய்வு ஒன்று, நடுவில் ஞாயிற்றுக்கிழமையிலும் கோர்ட் நடந்திருக்கும்.

வருகைப்பதிவையும் மறக்காதீர்கள். அதே 2008 விதிகளில் விதி 12-இன்படி ஒவ்வொரு பாடத்திலும் 70%. தக்க காரணம் இருந்து, அந்தப் பாடத்தில் 65%-உம் எல்லாப் பாடமும் சேர்த்து 70%-உம் இருந்தால் முதல்வர் அனுமதிக்கலாம். 60 வகுப்பு நடக்கும் பாடத்தில் 18-தான் தவறவிடலாம். செமஸ்டர் நடுவே இரண்டு வாரம் இன்டர்ன்ஷிப் போனால் அதில் பத்துப் பன்னிரண்டு போய்விடும், பிறகு ஒரு காய்ச்சலுக்குக்கூட இடமில்லை.

டைப்டுசெட்:

ஹைகோர்ட் பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை. விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல் இருவரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும் என்பதும் 20 வாரம் சொல்லும் அந்த இன்டர்ன்ஷிப் விதியிலேயே இருக்கிறது. ஆகவே சென்னையோ மதுரைக் கிளையோ ஒரு தடவை கட்டாயம்.

அரசியலமைப்புச் சட்டம் இரண்டு பேப்பரும் நிர்வாகச் சட்டமும் முடித்துவிட்டு வாருங்கள். ரிட் மனு என்றால் அஃபிடவிட், மனு, டைப்டு செட் (ஆதார ஆவணங்களின் தொகுப்பு). தாக்கல் பிரிவில் கொடுத்ததும் எஸ்.ஆர். எண் (முதலில் தரும் தற்காலிக எண்) விழும், குறை இருந்தால் ரிட்டர்ன், சரிசெய்து மறுபடி தாக்கல், அதன்பின்தான் டபிள்யூ.பி. (ரிட் மனு) எண். ரிட்டர்ன் ஆன கட்டுகளின் மேல் எழுதியிருக்கும் குறைகளை ஒரு வாரம் தொகுத்துப் பாருங்கள்: டைப்டு செட்டில் பக்க எண் இல்லை, மங்கிய நகலுக்குத் தட்டச்சுப் பிரதி இல்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை, எதிர்மனுதாரரின் பதவிப் பெயர் தவறு. இன்டர்னுக்குக் கிடைக்கும் உருப்படியான வேலையும் இதுதான். தேதிவாரிச் சுருக்கம் தயாரித்து, ஒவ்வொரு தேதிக்கும் டைப்டு செட் பக்க எண் போட்டுக் கொடுத்தால் சீனியர் உங்களை அடுத்த கட்டு பார்க்கக் கூப்பிடுவார்.

கறுப்புக் கோட்டும் டையும் சரி, கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் கவுனும் போடாதீர்கள். அது பதிவான வக்கீலுக்கு.

கார்ப்பரேட் விஷயத்தில் கச்சேரித்தெரு அண்ணன் சொன்னதோடு முழுக்க உடன்பாடில்லை. ஒப்பந்தச் சட்டம் இரண்டு பேப்பரும் முடித்திருந்தால் குத்தகை, வேலை ஒப்பந்தம், கடன் பத்திரம் படித்துப் பார்க்க இரண்டு வாரம் போவதில் பயன் உண்டு. நான்காம் வருடம் கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு போனால் அதே நான்கு வாரத்தில் மூன்று மடங்கு வேலை கிடைக்கும், அதனால் தள்ளிப்போடுவது நல்லது என்ற அளவில் அவர் சொல்வது சரி. பணம் கட்டினால் வீட்டிலிருந்தே சான்றிதழ் தரும் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். டைரியை மதிப்பிட வழிகாட்டி யார் என்று கல்லூரி கேட்டால் காட்ட ஆளிருக்காது.

வைகைக்கரை:

டிராஃப்டிங் பேப்பர் எட்டாவது செமஸ்டரில்தான் வருகிறது. அதற்கு முன்பே ஏதாவது செய்து வைக்கலாமா? விருப்பப் பாடம், நீதிபதி தேர்வு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கச்சேரித்தெரு:

டிராஃப்டிங்கில் வழக்குரை (வாதி தாக்கல் செய்யும் மனு) வகை 15 பயிற்சி, பத்திர வகை 15 பயிற்சி, ஒவ்வொரு தொகுதிக்கும் 45 மதிப்பெண், மீதி 10 வாய்மொழி. கடையில் விற்கும் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் மதிப்பெண் வரும், கை வராது. இப்போதிருந்தே ஆபீசில் முடிந்துபோன கட்டில் ஒன்றை எடு. எதிருரையை மட்டும் படித்துவிட்டு வழக்குரையை நீயே எழுது, பிறகு அசலோடு ஒப்பிடு. எங்கே வழக்கமாக உதைக்கும் என்றால்: வழக்கெழு காரணப் பத்தியில் தேதியும் இடமும் இருக்காது, சொத்து விவரத்தில் சர்வே எண் இருக்கும், நான்கெல்லை இருக்காது, மதிப்பீட்டுப் பத்தி பரிகாரத்தோடு பொருந்தாது. விளம்புகை (உரிமை உண்டு என்ற அறிவிப்பு) கேட்டுவிட்டு வெறும் தடையுத்தரவு வழக்குக்கான கட்டணம் கட்டியிருப்பார்கள். தமிழ்நாடு 1955 நீதிமன்றக் கட்டணச் சட்டத்தை ஒரு தடவை முழுக்கப் படி, கல்லூரியில் அதை யாரும் நடத்தமாட்டார்கள்.

இங்கிலீஷில் மட்டும் எழுதிப் பழகாதே. கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. அனுபோகம், ஒத்தி, போக்கியம், வில்லங்கம், பாத்தியம் இதெல்லாம் பழைய பத்திரத்தில் எந்த அர்த்தத்தில் வருகிறது என்று தெரியாவிட்டால் கட்சிக்காரர் கொண்டுவரும் பத்திரத்தையே படிக்க முடியாது.

கரும்பலகை:

விருப்பப் பாடத்தை அரசியலமைப்பு, வணிகம், குற்றவியல், அறிவுசார் சொத்து போன்ற தொகுதிகளாகப் பார் கவுன்சில் பிரித்திருக்கிறது. எல்லாக் கல்லூரியும் எல்லாவற்றையும் நடத்துவதில்லை. உங்கள் கல்லூரியில் அந்தத் தொகுதிக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். நீதிபதி தேர்வுதான் குறி என்றால் விருப்பப் பாடத்தைவிடச் சொத்துரிமை, ஒப்பந்தம், சி.பி.சி., சாட்சியம், குற்றவியல் ஆகிய கட்டாயப் பாடங்கள்தான் கைகொடுக்கும். இங்கே டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு. எழுவினா (வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனைந்து சிவில் தீர்ப்பு எழுதுவதும், குற்றச்சாட்டு வனைந்து கிரிமினல் தீர்ப்பு எழுதுவதும் தனித்தனித் தாள்கள். நீங்கள் பார்க்கும் அந்த இரண்டு வழக்குகளிலும் வாதம் முடிந்த அன்றே, தீர்ப்பு வருவதற்கு முன், நீங்களே தீர்ப்பு எழுதிப் பாருங்கள். பிறகு நகல் வாங்கியோ இ-கோர்ட்ஸில் இறக்கியோ ஒப்பிடுங்கள். கிளினிக்கல் பேப்பரும் தேர்வுப் பயிற்சியும் ஒரே வேலையில் முடியும்.

டைப்டுசெட்:

இன்னொன்று. படித்து முடித்த கையோடு நீதிபதி தேர்வு எழுதலாம் என்று திட்டமிட வேண்டாம். 2025 மே 20 தீர்ப்பில் சிவில் நீதிபதிப் பதவிக்கு மூன்று வருட வக்கீல் தொழில் அனுபவத்தை உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்தது. அந்த மூன்று வருடம் தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்தே எண்ணப்படும். ஆகவே பட்டச் சான்று கைக்கு வந்ததும் பார் கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 தீர்ப்பு இருக்கிறது. பள்ளி மாற்றுச் சான்றில் உள்ள பெயரும் முதலெழுத்தும் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். முதலெழுத்து வித்தியாசத்துக்கு அரசிதழ் அறிவிப்பு, அஃபிடவிட் என்று அலையும்போது மாதங்கள் ஓடிவிடும். வக்கீலாகத் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வும் உண்டு. 100 கேள்வி, பொதுப்பிரிவுக்கு 45% தேர்ச்சி, குறிப்பெழுதாத சட்ட நூல்களைக் கொண்டுபோகலாம். அதனால் வகுப்பில் வாங்கும் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகம்) எல்லாவற்றிலும் பேனாவால் கிறுக்காமல் ஒரு செட் தனியாக வைத்துவிடுங்கள்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. இந்த மே: இரண்டு வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட், இரண்டு வாரம் சட்டப் பணிகள் ஆணைக்குழு, அங்கேயே இரண்டு நேர்காணல். இரண்டையும் ஒரே 4 வாரமாகக் காட்டலாமா, தனித்தனிச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

கரும்பலகை:

தனித்தனியாக. இடம், தேதி முதல் தேதி வரை, வழிகாட்டியின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை ஐந்தும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். ஆணைக்குழுவிலிருந்து என்றால் செயலரின் அலுவலக முத்திரை போதும். அசலைக் கல்லூரியில் கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாம் வருடம் அலுவலகத்தில் கோப்பு மாறியிருந்தாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும்.